நானூற்றுப் பதினேழு அ

எந்த எண்ணைக் காதில் வாங்கினாலும் மரிய செல்வம் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "அதுக்கு முன்னாடி என்ன நம்பர்?"

ரேஷன் கார்டு மாறினால் புது எண்ணுக்குக் கீழே பழைய எண்ணைப் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதிவைப்பான். மின்சார அட்டையிலும் அப்படித்தான். மகள் ஏழாம் வகுப்புக்குப் போனபோது ஆறாம் வகுப்பு வருகை எண் அவளுக்கே மறந்துபோயிருந்தது. பரணில் ஏறிப் பழைய நோட்டைத் தேடி எடுத்து எழுதிய பிறகுதான் அவன் சாப்பிட உட்கார்ந்தான்.

கல்யாணமான புதிதில் அமலோற்பவமேரிக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"நல்லவேளை, எனக்கு முன்னாடி யாருன்னு கேக்காம தாலி கட்டுனீங்க" என்பாள்.

"கேக்காம என்ன. முதல்ல உங்க அக்காவத்தான பாக்க வந்தோம். குறிச்சு வச்சிருக்கேன்" என்பான் அவன்.

1985-க்குப் பிறகும் அவன் அந்தக் கேள்வியை விடவில்லை. அவள்தான் கேலி செய்வதை விட்டுவிட்டாள்.

மரிய செல்வம் வரதராசன்பேட்டைக்காரன். முந்திரிக்கொல்லைக்குக் கூலிக்குப் போன சவரியாரின் மகன். அந்த வம்சத்தில் முதல் பி.ஏ. அவன்தான். முதல் கையெழுத்தும் அவனுடையதுதான். சவரியார் கடைசிவரை கைநாட்டு. மகன் ஒரே இழுப்பில் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டு, "என்னடா, கோழி கிண்டுன மாதிரி போடற. நானாவது பெருவிரல முழுசா அமுத்தி வைப்பேன்" என்றார். மகனுக்கு அது சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து முழுப் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாக எழுதியே கையெழுத்துப் போட்டான்.

1971-இல் அரியலூருக்கு அந்தப்பக்கம் வெள்ளூரணி சிமெண்ட் ஆலையில், டைம் ஆபீஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். ஆலையில் வேலை செய்கிறவர்களின் வயது, சேர்ந்த தேதி, விடுப்பு எல்லாம் அங்கேதான் இருந்தன. ஆளுக்கு ஒரு பக்கமாக நாற்பத்திரண்டு பதிவேடுகள். ஆளுக்கு ஒரு பித்தளை வில்லையும் உண்டு, எண் பொறித்தது. காலையில் கேட்டில் காவலாள் சாமிதுரையிடம் அதைக் காட்டிவிட்டு இடுப்பில் முடிந்துகொண்டு உள்ளே போக வேண்டும்.

சுண்ணாம்புக்கல் குவாரியில் ஒரு வழக்கம் இருந்தது. கல் சரிந்து ஓர் ஆள் செத்தாலோ, கை கால் போய் வேலைக்கு ஆகாமல் போனாலோ, ஆலை வில்லையைத் திருப்பி வாங்காது. அந்த வீட்டிலிருந்து இன்னோர் ஆள் அதே வில்லையோடு வந்து வேலைக்கு நிற்கலாம். எண் மாறாது, பின்னால் ஓர் எழுத்து மட்டும் சேரும். முதலில் வருகிறவருக்கு 'அ', அவருக்கும் பின்னால் ஒருவர் வந்தால் 'ஆ'. பதிவேட்டிலும் அதே பக்கம்தான். மேல் வரியில் போனவருடைய பெயரும் தேதிகளும் இருக்கும். நடுவில் ஒரு கோடு. கீழே வந்தவருடையது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் குவாரிக் குடும்பங்கள் அந்த வில்லையைக் குங்குமச் சிமிழோடு வைத்துக் காப்பாற்றின.

1974 தை மாதத்தில் இருசம்மாள் அப்படித்தான் வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு நாலு வயது மகள் தனம். புருஷன் எங்கோ போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்பா செல்லமுத்து குவாரியில் பாறைக்கடியில் போய்ப் பதினாறு நாள். முந்தானையில் முடிந்திருந்த வில்லையை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். 417.

மரிய செல்வம் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கோடு கிழித்தான்.

"அப்பா பேர அடிச்சிருவீங்களா சார்?"

"அடிக்கிறதில்லங்க. அவர் மேல இருப்பாரு. நீங்க கீழ."

"அது சரிதான். வூட்டுலயும் அப்படித்தான். அவரு கயித்துக்கட்டில்ல, நான் தரையில."

பிறந்த தேதி அவளுக்குத் தெரியாது, பள்ளிக்கூடத்தையும் பார்த்ததில்லை. ஆலை டாக்டர் பல்லைப் பார்த்து இருபத்தைந்து வயது என்று சீட்டு எழுதினார். "சந்தையில மாட்டுக்கும் பல்லத்தான் பாக்குறாங்க. அங்க வாலயும் தூக்கிப் பாப்பாங்க, இங்க விட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மரிய செல்வம் பேனாவைத் துடைத்துக்கொண்டு 'அ' என்று எழுதினான். அவளுடைய வயதும் அவள் சேர்ந்த நாளும் உலகத்தில் அந்த ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருந்தன.

பதினொரு வருஷம் அவள் கல் உடைத்தாள், கூடை சுமந்தாள். ஆலையின் லேபர் லைன் குடியிருப்பில் ஓர் அறை கிடைத்தது. தனம் ஆலைப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புவரை வந்துவிட்டாள்.

1984 கடைசியில் கம்ப்யூட்டர் வந்தது. ஆலையிலேயே கெட்டிச் சுவரும் குறைந்த ஜன்னலும் உள்ள அறை பதிவேட்டு அறைதான் என்று அதைக் காலி செய்து, ஏ.சி. போட்டு, மெஷினை அங்கே வைத்தார்கள். நாற்பத்திரண்டு பதிவேடுகளும் வராந்தாவுக்கு வந்தன. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். "கோயிலுக்குள்ள நம்மள விட்டாங்க, இதுக்குள்ள விட மாட்டேங்கறாங்க" என்றான் சாமிதுரை.

பதிவேட்டில் இருப்பதையெல்லாம் மெஷினுக்குள் கொண்டுபோகும் பொறுப்பு மரிய செல்வத்துடையது. மெட்ராஸில் மூன்று வாரம் பயிற்சிக்கும் அவனைத்தான் அனுப்பியிருந்தார்கள். மெஷினை நிறுவ வந்தவர் நல்ல மனிதர். "மூணு மாசம் பதிவேட்டிலயும் எழுதுங்க, மெஷின்லயும் போடுங்க. ரெண்டும் வரிக்கு வரி ஒத்துப்போன பிறகு பழச விடுங்க. அதுவரைக்கும் பழசுதான் உண்மை" என்று சொன்னார். இன்னொன்றும் சொன்னார். எண் போடுகிற இடத்தில் நாலு இலக்கம்தான் போகும், எழுத்தை அது ஏற்காது.

எழுத்துப் போட்ட எண்கள் ஆலையில் இருபத்திமூன்று இருந்தன. அவர்களுக்கு மூவாயிரத்து ஒன்றிலிருந்து புது எண் கொடுத்துவிடலாம் என்று மரிய செல்வம் நினைத்தான். செய்திருந்தால் எல்லாம் நேராகப் போயிருக்கும். குவாரிக்குப் போய் அந்த இருபத்திமூன்று பேரையும் கூட்டிச் சொன்னான்.

"செத்த மனுசன ரெண்டாந்தரம் சாவடிக்கணுங்கறீங்க" என்றது ஒரு குரல்.

இருசம்மாள் சத்தம் போடவில்லை. "பாறைய நெம்பி எடுத்தப்ப எங்கப்பாவுக்கு மூஞ்சி இல்ல சார். இடுப்புல இது இருந்துச்சு. இத வச்சுத்தான் எங்கப்பான்னு சொன்னாங்க. இத வாங்கிட்டு வேற குடுத்தீங்கன்னா நான் யாருன்னு எப்படித் தெரியும்?"

எண்ணுக்குக் கீழே பழைய எண்ணை எழுதிவைக்கிறவனுக்கு இந்தப் பேச்சு நேராக நெஞ்சுக்குள் போனது. "நம்பர் உங்களுதுதான். எழுத்த மட்டும் விட்டுர்றேன். மெஷினுக்கு அது தெரிய வேணாம். எனக்குத் தெரியும்ல" என்றான்.

இரக்கப்பட்டுச் செய்த காரியம் அது. பின்னாளில் அவன் தன்னைத் தானே கேட்டுக்கொண்டதும் இதைத்தான். அன்றைக்கு இரக்கப்பட்டேனா, இல்லை அவர்கள் முன்னால் நல்லவனாகத் தெரிய ஆசைப்பட்டேனா?

திருச்சியிலிருந்து தட்டச்சுக்கு இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கு ஒரு குறிப்புத்தாள் வேண்டும். மரிய செல்வமே எழுதிக் கொடுத்தான். எண், பக்கத்தின் தலைப்பில் இருக்கும். பெயர், இப்போது வேலை செய்கிறவருடையது. பிறந்த தேதியும் சேர்ந்த தேதியும் பக்கத்தின் மேல் வரியில் இருக்கும், அதை எடுக்கவும். ஆயிரத்து எண்ணூறு பக்கங்களுக்கு அது சரி. கோடு கிழித்த இருபத்திமூன்று பக்கங்கள் அந்த வரியை எழுதும்போது அவன் நினைவுக்கு வரவில்லை. எழுத்தைப் பார்த்தால்தானே நினைவு வரும். எழுத்தைத்தான் அவன் விட்டுவிட்டானே.

தலைமை அலுவலகம் ஏப்ரல் முதல் தேதி என்று நாள் குறித்திருந்தது. மூன்று மாதத்தை மேனேஜர் ஒரு மாதமாக்கினார். அச்சடித்து வந்த தாள்களோடு மரிய செல்வம் பதிவேடுகளை ஒத்துப் பார்த்தான். எல்லாப் பெயரையும் எல்லா எண்ணையும் பார்த்தான். தேதிகளைப் பத்துப் பக்கத்துக்கு ஒன்றாகப் பார்த்தான். ஒரு பிழைகூட இல்லை. மார்ச் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை மாலை, "முடிஞ்சுது சார்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு அரியலூர் பஸ் ஏறினான்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். டிக்கெட்டின் மேல் ஓரத்தில் எண் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மேல் வரி. இருபத்திமூன்று பேருக்கும் பெயர் இப்போது இருக்கிறவர்களுடையது, தேதி போனவர்களுடையது. 'நாளைக்குப் போய் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம்' என்று தேற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அன்றைக்கு நன்றாகவே தூங்கினான்.

சனிக்கிழமை காலை வராந்தா கூட்டிப் பெருக்கிக் கிடந்தது.

"எங்கய்யா பதிவேடெல்லாம்?"

"டிராக்டர்ல ஏத்தியாச்சு சார். சூளையில போட்டு அரைமணி ஆவுது" என்றான் சாமிதுரை. "கரையான் மெஷினுக்குள்ள போயிருமாம். மேனேஜர் உத்தரவு. நீங்கதான் முடிஞ்சுதுன்னீங்களாமே."

சூளையின் புகைபோக்கியை மரிய செல்வம் அண்ணாந்து பார்த்தான். என்றைக்கும் போகிற புகைதான் போய்க்கொண்டிருந்தது.

மேனேஜர் ஒரு தாளை நகர்த்தி வைத்தார். எல்லாப் பக்கங்களும் சரிபார்க்கப்பட்டன, பழைய ஆவணங்கள் இனித் தேவையில்லை. "கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி." சொல்வதற்கு அந்த நொடி இருந்தது. 'சார், இருபத்திமூணு பக்கம் தப்பா போயிருக்கு' என்ற ஒரே வரி. மேனேஜர் பேனாவைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தார். அவன் வாங்கினான். ம, ரி, ய என்று ஒவ்வோர் எழுத்தாக முழுப் பெயரையும் எழுதினான்.

அடுத்த இரண்டு மாதங்கள் அவன் ஓடிய ஓட்டம் கொஞ்சமல்ல. தேதியை மாற்ற ஆதாரம் வேண்டும். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, பள்ளிச் சான்றிதழ் வாங்கிவரச் சொன்னான். ஏலாக்குறிச்சிக்காரர் ஒருவருக்குக் கோயிலில் போய் ஞானஸ்நானப் பதிவைத் தானே எழுதி வாங்கிவந்தான். சின்ன எழுத்துப் பிழை என்று சொல்லி ஒவ்வொன்றாக மாற்றினான். இருபத்திரண்டு பேரைக் கரை சேர்த்துவிட்டான்.

இருசம்மாளிடம் எந்தக் காகிதமும் இல்லை. டாக்டர் எழுதிய சீட்டும் அந்தப் பதிவேட்டில்தான் ஒட்டியிருந்தது. டாக்டரும் இறந்துவிட்டிருந்தார். அவள் கேட்டைத் தாண்டிப் போவதை ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்தான். ஒருநாளும் கூப்பிடவில்லை.

ஜூலை முதல் தேதி ஓய்வு பெறுகிறவர்களின் பட்டியலை மெஷின் அச்சடித்தது. கேட்டில் ஒட்டியதைச் சாமிதுரை எழுத்துக்கூட்டிப் படித்தான். 417, இருசம்மாள், பிறந்தது 1927, வயது ஐம்பத்தெட்டு.

"ஏ இருசாயி, அம்பத்தெட்டாம்ல. கொள்ளுப்பேரன் எல்லாம் சௌக்யமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "எங்கப்பன் ஒரு சொத்தும் வைக்காம போயிட்டாருன்னு நெனச்சேன். வயச எழுதி வச்சிருக்காரு பாரு" என்றாள். டைம் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "சார், மெஷினுக்குக் கண்ணு மங்கிருச்சு போல" என்றாள்.

அவன் மேனேஜரிடம் போனான். மேனேஜர் கெட்டவர் இல்லை. அந்த மார்ச் மாதத்துத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார்.

"எல்லாப் பக்கமும் சரி பாத்தேன்னு கையெழுத்து இருக்கு. இது சரின்னா அந்தம்மாவுக்கு ஐம்பத்தெட்டு. இது தப்புன்னா, தப்புன்னு தெரிஞ்சே போட்டேன்னு எழுதிக் குடுங்க. நீங்க பாத்த பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு நீங்களே சாட்சி. அத வச்சு நான் மாத்தறேன். அப்பறம் உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

"வேற வழி இல்லீங்களா சார்?"

"செல்லமுத்து ஓய்வு ஆயிட்டாருன்னு முடிச்சிரலாம். அந்தம்மா இன்னிக்குப் புதுசா வந்த தினக்கூலின்னு புது நம்பர்ல சேத்துக்கலாம்."

யோசித்துச் சொல்வதாக வெளியே வந்தான். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக இருந்த சவரியார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜையில் வைத்தான். மத்தியானம்வரை அது அப்படியே இருந்தது. பிறகு அதைத் திரும்பக் கட்டுக்குள் வைத்துவிட்டு இருசம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினான்.

"மெஷின் தப்பு பண்ணிருச்சுங்க. பழைய பதிவேடு இல்ல. ஒண்ணும் செய்ய முடியல" என்றான். நெற்றியில் கையை வைத்து அழுத்திக்கொண்டான். நடிப்பு இல்லை அது. உண்மையிலேயே தலை தெறித்தது.

தினக்கூலிக்கு லைனில் அறை கிடையாது என்பதையும் அவனே சொல்ல வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப நான் பதினோரு வருசம் இங்க வரவே இல்லியா சார்?"

அவன் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினான்.

அவள் தன் கைகளைப் பார்த்தாள். இடது கட்டைவிரலில் பாதி நகம் இல்லை. பிறகு அவனைத்தான் தேற்றினாள். "விடுங்க. அது இரும்பு, அதுக்கு என்ன தெரியும். நீங்க என்ன பண்ணுவீங்க பாவம், அன்னிக்கே நம்பர் போவாதுன்னு எனக்காகப் பேசுனவராச்சே." வில்லையை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். "புது ஆளா வந்து நிக்க எனக்கு வெக்கமா இருக்கு. சிறுவாச்சூருக்குப் போறேன், அம்மா வூட்டுப்பக்கம்."

அடுத்த வாரம் ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், பள்ளிப் பையோடு தனம் என்று பெரம்பலூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். ஆவணியில் மெஷின் காலி எண் என்று 417-ஐ, திருச்சியிலிருந்து வந்த ஒரு புது ஸ்டோர் கீப்பருக்குக் கொடுத்தது.

மரிய செல்வம் தேடிக்கொண்டே இருந்தான். தன் தப்பை எழுதிக் கொடுக்காமலே அவளுடைய வருஷங்களை மீட்டுவிட முடியுமா என்றுதான் அந்தத் தேடல். அமலோற்பவமேரிக்கு அவன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். "எழுதிக் குடுத்துருங்க. முந்திரிக்கொல்லைக்குப் போயிப் பொழச்சுக்குவோம்" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "ஒரு ஆதாரம் கிடைச்சுட்டா அதுக்கு அவசியமே இல்லல்ல" என்றான் இரண்டு தடவையும். பிறகு அவள் சொல்லவில்லை.

மூன்று வருஷம் கழித்து அது கிடைத்தது. 1988-இல் குவாரியின் பழைய மருந்து அறையை இடித்தபோது அலமாரிக்குப் பின்னால் ஒரு காயப் பதிவேடு விழுந்து கிடந்தது. 1976, பங்குனி. '417 அ, இருசம்மாள், வயது 27, இடது கட்டைவிரல் நசுங்கியது.' அந்த 'அ'வை மரிய செல்வம் விரலால் தடவிப் பார்த்தான். மேனேஜர் மாறியிருந்தார். புதியவர் படித்துவிட்டு, "இது போதும். ஆளை நேர்ல வந்து மனு குடுக்கச் சொல்லுங்க, பழைய தேதியிலயே எடுத்துக்கலாம்" என்றார்.

சிறுவாச்சூர் காளி கோயிலில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். மரிய செல்வம் ஒரு வெள்ளிக்கிழமை போனான். தேங்காய்ப் பழத் தட்டுக் கடைகளின் வரிசையில் இருசம்மாளைத் தேடினான். அதே நெற்றியும் அதே உட்காரலுமாக ஒரு பெண், பதினெட்டு வயது இருக்கும், எலுமிச்சை மாலை கட்டிக்கொண்டிருந்தாள்.

"தனமா?"

அவள் நிமிர்ந்தாள். "டைம் ஆபீஸ் சாரா? வாங்க சார். அம்மா போயி ரெண்டு மாசம் ஆவுது. மஞ்சக்காமால."

தனம் ஒரு பெட்டியைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னாள்.

"உங்களப் பத்திச் சொல்லும் சார். மெஷின் தப்பு பண்ணிருச்சு, அந்த சாரு தலையில கைய வச்சுக்கிட்டு நின்னாரு, அவர ஒரு சொல்லு சொல்லப்படாதுன்னு. சாவறதுக்கு முன்னாடிகூட, அரியலூர்ப் பக்கம் போனா பாத்துட்டு வான்னுச்சு."

இருசம்மாள் அன்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போன வில்லையை மரிய செல்வம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"இதான் தாத்தாவா?" புரட்டிப் பார்த்தாள். "அப்ப நான் 'ஆ' வா சார்?"

"அந்த வழக்கத்த எடுத்துட்டாங்கம்மா."

"அதான பாத்தேன்" என்று சிரித்தாள். அம்மாவின் சிரிப்பு.

"தனம், அன்னிக்கு மெஷின்…" என்று அவன் ஆரம்பித்தான். அதற்குள் துறையூர்க்காரக் குடும்பம் ஒன்று ஐந்து தட்டுக் கேட்டு வந்து நின்றது. அவள் எழுந்து போனாள். தட்டுகளை அடுக்கி, கற்பூரம் எண்ணி வைத்து, சில்லறை கொடுத்துவிட்டுத் திரும்பி வர பத்து நிமிஷம் ஆனது. அந்தப் பத்து நிமிஷத்தில் அவன் நெஞ்சிலிருந்து தொண்டைவரை வந்தது திரும்பவும் இறங்கிவிட்டது.

"என்னமோ சொல்ல வந்தீங்களே."

"ஒண்ணுமில்லம்மா. படிப்ப ஏன் விட்டன்னு கேக்கலாம்னு."

"நீங்க வேதக்காரங்க, அர்ச்சனைத் தட்டு ஆவாது" என்று நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்து அவன் பையில் போட்டாள். காசு வாங்க மாட்டேன் என்றாள். பெரம்பலூர் பஸ் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை போய்ச் சொல்லிவிடுவது என்று இருந்தான். அடுத்த வெள்ளியும் போனது, அந்த வருஷமும் போனது. அவனுடைய ஆபீஸ் பைக்குள் காயப் பதிவேட்டின் நகலோடு மடித்த ஒரு வெள்ளைத் தாள் இருப்பதை, சாப்பாட்டு டப்பாவை எடுக்கும்போதெல்லாம் அமலோற்பவமேரி பார்க்கிறாள். அடியில் மரிய செல்வம் என்று ஒவ்வோர் எழுத்தாக முழுக் கையெழுத்து இருக்கிறது. இந்தத் தடவையும் அவன் கையெழுத்தைத்தான் முதலில் போட்டிருக்கிறான். மேலே தனத்துக்கு எழுத வேண்டிய அந்த ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறது.